அட்ரினலினும் தைராய்டும் இதயத் தசைக்குள் என்ன செய்கின்றன?

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கினால் இப்படி வரும். அம்மாவுக்குத் தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. டாக்டர் தைராய்டைக் குறைக்கும் மாத்திரையோடு புரோப்ரனலாலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது அட்ரினலினைத் தடுக்கும் மருந்து என்று படித்துவிட்டு, "அம்மாவுக்குத் தைராய்டுதானே பிரச்சினை, அட்ரினலினுக்கு ஏன் மருந்து? ஹார்மோன்கள் எப்படி இதயத்தைச் சுருங்க வைக்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது, இரண்டு வெவ்வேறு ஹார்மோன்கள் ஒரே மாதிரி படபடப்பைத் தருகின்றனவே, அவை போகும் வழியும் ஒன்றுதானா என்று. நல்ல கேள்வி. இருபத்தாறு வருடம் மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல் பாடம் எடுத்தவன் நான்; நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் இல்லை. அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதெல்லாம் அவரைப் பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டியவை.

முதலில் கேள்வியிலேயே ஒரு திருத்தம். ஹார்மோன் இதயத்தைச் சுருங்க வைப்பதில்லை. இதயம் தானாகவே சுருங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முதலாண்டு மாணவர்களுக்குத் தவளை இதயப் பரிசோதனை கட்டாயம். மண்ணெண்ணெய்ப் புகை ஏற்றிய காகிதத்தை உருளையில் சுற்றி, அதன்மேல் ஊசிமுனை உரசும்படி வைப்போம். வகுப்பு முடிவதற்குள் வெள்ளைக் கோட்டெல்லாம் கரியாகிவிடும். தவளையின் மூளை அழிக்கப்பட்டிருக்கும், தண்டுவடமும் அழிக்கப்பட்டிருக்கும். இதயம் மட்டும் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும், ஊசி அலை அலையாக வரைந்துகொண்டே போகும். நீர்த்த அட்ரினலினில் ஒரு சொட்டு விட்டால் சில நொடிகளில் அலைகள் உயரும், நெருங்கியும் வரும். சாதா உப்புக்கரைசலால் கழுவிவிட்டால் மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பும். ஹார்மோன் வருவதற்கு முன்னும் துடிப்பு இருந்தது, போன பின்னும் இருக்கிறது. நடுவில் அது மாற்றியது துடிப்பின் பலத்தையும் வேகத்தையும் மட்டும்தான். இன்னொன்றும் அந்தக் காகிதத்தில் தெரியும். உருளையை வேகமாகச் சுழலவிட்டுப் பார்த்தால், அலையின் ஏறுமுகம் மட்டுமல்ல, இறங்குமுகமும் செங்குத்தாகியிருக்கும். மாணவர்கள் ஏற்றத்தைத்தான் கவனிப்பார்கள். விஷயம் இறக்கத்தில் இருக்கிறது, அதற்குத்தான் வருகிறேன்.

இதயத் தசைச் செல் ஒன்று ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். அதற்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள். ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்டின்தான் வடம். மயோசினின் தலைகள் வடம் பிடிக்கும் கைகள். பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடித்து இழுக்கின்றன. ஆனால் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கிடக்கும்வரை எத்தனை பேர் இழுத்தாலும் தேர் நகராது. செல்லுக்குள் அந்த முட்டுக்கட்டை வேலையை ட்ரோபோனின், ட்ரோபோமயோசின் என்ற புரதங்கள் செய்கின்றன. மயோசின் பிடிக்க வேண்டிய இடத்தை அவை மூடிக்கொண்டிருக்கும். கால்சியம் வந்து ட்ரோபோனினில் ஒட்டினால் கட்டை விலகும். கால்சியம் கிளம்பிப்போனால் கட்டை திரும்ப விழும். ஓய்வில் செல்லுக்குள் தனித்துத் திரியும் கால்சியம், வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒவ்வொரு துடிப்பிலும் அது பத்து மடங்கு வரை ஏறி, மறுபடி இறங்குகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை.

கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது என்பதே தற்செயலாகத் தெரிந்த சங்கதி. லண்டனில் சிட்னி ரிங்கர் 1882இல் தவளை இதயத்தை உப்புக்கரைசலில் நன்றாகத் துடிக்க வைத்தார். பிறகுதான் அந்தக் கரைசல் வாலைவடிநீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டது என்று தெரிந்தது. வடிநீரில் கலந்தபோது துடிப்பு மங்கி நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. தன் பழைய கட்டுரையைத் தானே திருத்தி 1883இல் எழுதினார். ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான்.

சரி, அட்ரினலின் இதில் எங்கே வருகிறது? அது செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் பீட்டா-1 என்ற ஏற்பியில், அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில், உட்காருகிறது, அவ்வளவுதான். ஏற்பி உட்புறம் இருக்கும் ஜி புரதத்தைத் தட்டுகிறது, அது ஒரு நொதியைத் தட்டுகிறது, நொதி சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறை நிறையச் செய்து தள்ளுகிறது. வெளியே வந்த செய்தியை உள்ளே கொண்டுபோகும் ஆள் அதுதான். இதைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971இல் நோபல் கிடைத்தது. ஏற்பிகளின் அமைப்பை விளக்கிய லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012இல். சைக்ளிக் ஏஎம்பி 'புரதக் கைனேஸ் ஏ' என்ற இன்னொரு நொதியை எழுப்பிவிட, அது செல்லுக்குள் பல புரதங்களில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டே போகிறது. இந்தச் சங்கிலி சில நொடிகளில் முடிந்துவிடும். இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பாஸ்பேட் ஒட்டுவதால் என்ன ஆகிறது? முதலாவது, சவ்வில் உள்ள கால்சியம் வாசல்கள் அதிகம் திறக்கின்றன. வெளியிலிருந்து வரும் அந்தக் கொஞ்சம் கால்சியம், உள்ளே கிடங்கில் இருக்கும் நிறையக் கால்சியத்தை அவிழ்த்துவிடுகிறது. பலம் கூடுவது இதனால்தான். இரண்டாவது, கிடங்குக்குக் கால்சியத்தைத் திருப்பி ஏற்றும் ஒரு பம்பு இருக்கிறது, செர்கா என்று பெயர். அதன்மேல் ஃபாஸ்ஃபோலாம்பன் என்ற சின்னப் புரதம் எப்போதும் பிரேக் மாதிரி அழுத்திக்கொண்டிருக்கும். பாஸ்பேட் ஒட்டியதும் பிரேக் விடுபட்டு, பம்பு வேகமாக இறைக்கிறது. மனித இதயத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்ற வேண்டிய கால்சியத்தில் சுமார் 70 சதவீதத்தை இந்தப் பம்புதான் அள்ளுகிறது. மூன்றாவது, ட்ரோபோனினிலும் பாஸ்பேட் ஒட்டி, அது கால்சியத்தை இறுக்கிப் பிடிக்காமல் சீக்கிரம் விட்டுவிடும்படி ஆகிறது.

கவனித்தீர்களா? மூன்றில் இரண்டு, சுருங்குவதற்கான ஏற்பாடு இல்லை, விடுவதற்கான ஏற்பாடு. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் சுருங்க ஏறக்குறைய 0.3 போக, விரிந்து ரத்தம் நிரம்ப 0.5 மீதி. நாய் துரத்துகிறது, துடிப்பு 180க்குப் போகிறது என்று வையுங்கள். ஒரு துடிப்புக்குக் கிடைப்பது மொத்தமே 0.33 நொடி. சுருங்குவதற்குப் பழையபடி 0.3 எடுத்துக்கொண்டால் நிரம்புவதற்கு நேரமே இல்லை. நிரம்பாத இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்கி என்ன பிரயோசனம்? போதாததற்கு, இடது கீழறைத் தசைக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. அதனால் அட்ரினலின் பலமாக இழுக்கச் சொல்லும்போதே, கையைச் சட்டென்று விடவும் சொல்லியாக வேண்டும். பாடப்புத்தகங்கள் 'சுருங்கும் விசை கூடுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு எப்போதுமே உறுத்தும். என்னைக் கேட்டால் தளர்ச்சியை வேகப்படுத்துவதுதான் அட்ரினலினின் பெரிய வேலை.

துடிப்பின் வேகம் கூடுவது தனிக் கதை. அது மேலறையில் உள்ள, துடிப்பைத் தொடங்கி வைக்கும் பேஸ்மேக்கர் செல்களில் நடக்கிறது. அங்கே சைக்ளிக் ஏஎம்பி, கைனேஸுக்குக் காத்திராமல் நேராகவே சில அயனி வாசல்களில் ஒட்டி அவற்றைச் சீக்கிரம் திறக்க வைக்கிறது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. கால்சியம் வாசல் அதிகம் திறக்கிறது என்பது நிச்சயம். எப்படி என்பதில் நாங்களே பல வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வாசல் புரதத்திலேயே பாஸ்பேட் ஒட்டுகிறது என்றுதான் வகுப்பில் படம் போட்டேன். ஆனால் பாஸ்பேட் ஒட்டவே முடியாதபடி அந்தப் புரதத்தை மாற்றி வளர்த்த எலிகளிலும் அட்ரினலின் வேலை செய்தது. 2020இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு விடையைக் காட்டியது. ராட் என்ற சிறு புரதம் வாசலைப் பிடித்து அடக்கிக்கொண்டிருக்கிறது. பாஸ்பேட் அதில்தான் ஒட்டுகிறது. ஒட்டியதும் அது விலகிக்கொள்கிறது. ஆக இங்கேயும் ஒரு பிரேக் விடுபடும் கதைதான். கிடங்கிலிருந்து கால்சியம் வெளிவரும் ரயனோடின் வாசலில் பாஸ்பேட் ஒட்டுவது எவ்வளவு முக்கியம் என்பதில் ஆய்வகங்களுக்கிடையே இருபது வருடமாகச் சண்டை ஓயவில்லை. யாராவது அதை அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

பயந்தவுடன் வரும் முதல் திடுக்கிடலும் ஹார்மோனால் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் நரம்பின் வேலை. பரிவு நரம்பு முனைகள் இதயத் தசையின்மேலேயே அட்ரினலினின் நெருங்கிய உறவான நோரட்ரினலினைக் கொட்டுகின்றன. ஓரிரு நொடியில் பலன் தெரியும். அட்ரீனல் சுரப்பியிலிருந்து கிளம்பும் அட்ரினலின் ரத்தத்தில் கலந்து சுற்றி வர வேண்டும். கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் நின்று வேலை பார்க்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இதய மாற்று அறுவை செய்துகொண்டவர்கள்தான். புது இதயத்துக்கு நரம்பு இணைப்பு இருக்காது. சும்மா இருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடும், ஏனென்றால் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பும் அறுந்திருக்கிறது. அவர் மாடிப்படி ஏற ஆரம்பித்தால் நாடி உடனே எகிறாது. சில நிமிடம் கழித்து மெல்ல ஏறும். மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சற்று நேரம் ஏறிக்கொண்டே இருக்கலாம். அந்த ஏற்றம் முழுக்க ரத்தத்தில் வந்த ஹார்மோனின் கைவரிசை.

இப்போது அம்மாவின் விஷயம். தைராய்டு ஹார்மோன் போகும் வழி வேறு. அட்ரினலின் மாதிரி வாசலில் நின்று தகவல் சொல்லிவிட்டுப் போகாமல், டி3 என்ற அதன் வீரியமான வடிவம் செல்லுக்குள் நுழைந்து உட்கருவரை போகிறது. அங்கே டிஎன்ஏவோடு ஒட்டியிருக்கும் ஏற்பிகளில் சேர்ந்து, எந்தப் புரதத்தை அதிகம் செய்ய வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது. செர்கா பம்புகள் அதிகமாகின்றன, ஃபாஸ்ஃபோலாம்பன் பிரேக் குறைகிறது, பேஸ்மேக்கர் வாசல்களும் கூடுகின்றன. அட்ரினலின் இருக்கிற பம்பின் பிரேக்கை விடுகிறது என்றால், தைராய்டு பம்புகளின் எண்ணிக்கையையே கூட்டிவிடுகிறது. அதனால்தான் அது நொடிக்கணக்கில் வந்து போவதில்லை. நாள்கணக்கில் வரும், நாள்கணக்கில் இருக்கும். கூடவே டி3 ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் இதயம் வெளியேற்றும் ரத்தம் இன்னும் கூடுகிறது. தைராய்டு மிகையானவர்களில் இது வழக்கத்தைவிடப் பாதிப் பங்கு முதல் மூன்று மடங்கு வரை அதிகமாகப் போகலாம். தைராய்டு குறைந்தவர்களுக்கு இதெல்லாம் தலைகீழ். நாடி மந்தமாக, இதயம் விரிவதில் சோம்பலாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டி3 மயோசினின் வகையையே மாற்றி, வேகமாக இழுக்கும் மயோசினைச் செய்ய வைக்கிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். எலியில் அது மிகத் தெளிவான உண்மை. ஆனால் மனிதனின் கீழறையில் எப்போதும் மெதுவான வகைதான் பெருமளவு. ஆகவே நமக்கு இதனால் எவ்வளவு வித்தியாசம் என்பது விவாதத்துக்குரியது. எலி இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு தடவைக்கும் மேல் துடிக்கிற விவகாரம். அதில் கண்டதை அப்படியே அம்மாவின் இதயத்தில் பொருத்தக் கூடாது.

அப்படியானால் புரோப்ரனலால் எதற்கு? இங்கேதான் வேடிக்கை. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு என்று தைராய்டு மிகுந்தவரைப் பார்த்தால் அட்ரினலின் ஊற்றெடுப்பதுபோல இருக்கும். ரத்தத்தில் அளந்தால் அட்ரினலின் சாதாரணமாகவோ அதற்குக் கீழேயோதான் இருக்கிறது. பீட்டா ஏற்பிகள் கூடிவிடுவதால் இருக்கிற அட்ரினலினே அதிகமாக வேலை செய்கிறது என்பது ஒரு விளக்கம். விலங்குகளில் அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மனிதரில் ஆதாரம் அவ்வளவு சுத்தமாக இல்லை. எப்படியானாலும், இரண்டு வழிகளும் ஒரே பம்பில், ஒரே வாசல்களில் போய்ச் சேருகின்றன. தைராய்டு ஏற்கெனவே இயந்திரத்தை முடுக்கி வைத்திருக்கும்போது, அதன்மேல் அட்ரினலின் போடும் பங்கையாவது எடுத்துவிட்டால் படபடப்பு தணிகிறது. காரணத்தைப் பற்றி இன்னும் தர்க்கம் செய்யலாம், பலனைப் பற்றி தர்க்கமில்லை. சுரப்பி பெருமளவு வெளியிடும் வடிவமான டி4, வீரியமான டி3ஆக மாறுவதையும் அதிக அளவில் புரோப்ரனலால் ஓரளவு குறைக்கிறது.

காலக்கணக்கும் ஒரு காரணம். தைராய்டைக் குறைக்கும் கார்பிமசோல் வகை மாத்திரை புது ஹார்மோன் செய்வதைத்தான் தடுக்கும். சுரப்பியில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பது வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அதுவரை இதயம் சும்மா காத்திருக்காது. புரோப்ரனலால் அந்த இடைப்பட்ட வாரங்களுக்கான ஏற்பாடு. புரோப்ரனலால் போல பீட்டா ஏற்பியைத் தடுக்கும் மருந்தை ஜேம்ஸ் பிளாக் தேடியது தைராய்டுக்காக அல்ல, நெஞ்சுவலிக்காக. 1988இல் அவருக்கும் நோபல் வந்தது.

மற்ற ஹார்மோன்களும் உண்டு, ஆனால் இந்தக் கேள்விக்கு அவை ஓரமாக நிற்பவை. குளூக்ககான் தனக்கென்று வேறொரு ஏற்பி வைத்துக்கொண்டு அதே சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டுகிறது. பீட்டா தடுப்பு மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு அவசரத்தில் அதைக் கொடுப்பது அதனால்தான். முன்வாசல் பூட்டியிருந்தால் கொல்லைப்புறமாகப் போவதுபோல. இதயமே ஒரு ஹார்மோன் சுரப்பி என்று 1981இல் கனடாவில் தெபோல்ட் காட்டினார். மேலறை ரத்தத்தால் விரிந்தால் சிறுநீரில் உப்பை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் அங்கிருந்து வருகிறது.

அட்ரினலின் பலம் தருகிறதே, பலவீனமான இதயத்துக்கு அதே பாதையைத் தூண்டும் மருந்து கொடுத்தால் நல்லதுதானே என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவராவது கேட்பார். உலகமும் அப்படித்தான் நினைத்தது. சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும் மில்ரினோன் என்ற மாத்திரையை இதயச் செயலிழப்பு முற்றியவர்களுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த 1991ஆம் ஆண்டு ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களிடையே இறப்பு 28 சதவீதம் கூடியது. இதற்கு நேர்மாறாக, ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வாக்ஸ்டைனும் உடனிருந்தவர்களும் 1975இலேயே ஏழு நோயாளிகளுக்குப் பீட்டா தடுப்பு மருந்து கொடுத்து, அவர்கள் தேறியதை எழுதியிருந்தார்கள். களைத்த குதிரையின் சாட்டையைப் பிடுங்குவதா என்று பலர் நம்பவில்லை. 1999இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டிய பிறகுதான் வாதம் அடங்கியது. ஓயாமல் கால்சியத்தை ஏற்றி இறக்க எரிபொருள் செலவாகிறது, கிடங்கு கசிகிறது, செல்கள் சாகின்றன. நொடிக்கணக்கில் உயிர்காக்கும் அதே பாதை, மாதக்கணக்கில் திறந்தே கிடந்தால் இதயத்தை அரிக்கிறது. அம்மாவின் தைராய்டைச் சீக்கிரம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. நாள்பட்டால், முக்கியமாக 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரலாம்.

அம்மாவுக்கு இழுப்போ ஆஸ்துமாவோ இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்; புரோப்ரனலால் நுரையீரலில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளையும் அடைக்கும். படபடப்பு நின்றுவிட்டதே என்று நீங்களாக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அடைபட்டிருந்த காலத்தில் செல்கள் கூடுதல் ஏற்பிகளைச் செய்து வைத்திருக்கும். அடைப்பு நீங்கியதும் எல்லாம் ஒரேயடியாக வேலை செய்யும்.

அப்புறம், அவர் தூங்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி எண்ணுங்கள். பதற்றத்தால் வரும் படபடப்பு என்றால் தூக்கத்தில் நாடி இறங்கிவிடும். தைராய்டு என்றால் தூக்கத்திலும் வேகமாகவே ஓடும். புரோப்ரனலால் சாப்பிடுகிறவரிடம் எண்ணிக்கை எப்படியும் குறைவாகத்தான் வரும், அதனால் ஒரே ஒரு நாள் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள். எண்ணும்போது துடிப்புகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி ஒழுங்கில்லாமல், ஒன்று நெருங்கி ஒன்று தள்ளி வருவதாகப் பட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.